முதலாளி அளந்த நிழல்

கஞ்சத்தனமும் ஜம்பமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் எப்படியிருக்கும்? தீப்பெட்டி ஆலை முதலாளி திருவேங்கடம் மாதிரி இருக்கும். அவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் விருந்து. வருகிறவர்கள் நூறு பேர். மனுசன் வாடகைக்கு எடுத்ததோ ஒரே ஒரு ஷாமியானா. ஐம்பது நாற்காலி போட்டாலே முட்டிக்கொள்ளும்.

"ஒருத்தர் மேலயும் வெயில் படக்கூடாது. பட்டுச்சுன்னா இனிமே இந்த ஊர்ல நீ கம்பு நட முடியாது" என்றார், பந்தல் போட வந்த பேச்சியம்மாளிடம்.

"ஆகட்டும் மொதலாளி."

"என் சோபாவுக்கு மட்டும் தனிக் கூரை. கூட்டத்தை விட்டுத் தள்ளி. இடத்தை நானே காட்டுறேன்."

உச்சிவெயிலில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, தன் தலைக்கு நேராகச் சின்னக் கூரை ஒன்றைக் கட்டவைத்தார். நிழல் கச்சிதமாக அவர்மேல் விழுந்தது.

பேச்சியம்மாளோ ஷாமியானாவைக் கூரையாக விரிக்கவேயில்லை. மைதானத்தின் மேற்கு ஓரத்தில் கம்புகளை நட்டு, சுவர் மாதிரி நெட்டுக்குத்தாக இழுத்துக் கட்டினாள்.

"கூரையை நிக்க வச்சிருக்கா பாரு, கிறுக்கி!" என்று முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

மணி ஐந்து. வெயில் மேற்கே சாயச் சாய, அந்தத் துணிச்சுவரின் நிழல் கிழக்கே நீண்டுகொண்டே போனது. நூறு நாற்காலியும் அதற்குள் அடங்கிவிட்டன. முதலாளியின் கூரை நிழலோ இருபதடி தள்ளிப் போய், அங்கே படுத்திருந்த தெருநாய்மேல் விழுந்தது. பட்டுச்சட்டை வியர்வையில் நனைய அவர் ஒருவர்தான் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏய், என் மேல வெயில் அடிக்குது!"

பேச்சியம்மாள் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள்.

"இங்க வாங்க மொதலாளி. நூத்தியோராவது ஆளுக்கும் இடம் விட்டுத்தான் கட்டியிருக்கேன்."