நூற்றெண்பத்தாறு முகங்கள்

"அம்மா, இதை நான் எப்போ முடிக்கிறது?" என்று கேட்டார் சிங்காரவேலர்.

ஆசிரமத்தின் கண் முகாமில் நூற்றெண்பத்தாறு பேரைப் படம் எடுத்திருந்தார்கள். அறுவை செய்ய வேண்டிய கண்ணுக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி. கேமரா படங்களுக்கு வெறும் எண்களைத்தான் கொடுத்திருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஆளின் பெயரை வைக்க வேண்டும்.

நாளைக் காலை டாக்டர் பெயரைக் கூப்பிடுவார். படத்தைப் பார்ப்பார். அந்தக் கண்ணில் கத்தி வைப்பார்.

குரு பூங்கோதை, சிங்காரவேலரைவிடப் பத்து வயது இளையவர். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி ஏதோ தட்டினார். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் டெக்ஸ்ட் எடிட்டரில் வரிவரியாக வந்து நின்றன.

"இதைத் திருத்திச் சேமியுங்க. வரியில என்ன இருக்கோ, அதுதான் கோப்போட பேரு."

"ஒரே தடவையிலயா?"

"ஒரே தடவையில."

காலையில் வந்தவர்கள் பெயர் கொடுத்த பதிவேட்டைச் சிங்காரவேலர் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார். எண்களை அழித்தார். பெயர்களை அதே வரிசையில் ஒட்டினார். கடைசி வரியில் கடைசிப் பெயர் சரியாக வந்து உட்கார்ந்தது. சேமித்தார்.

"முடிஞ்சுதும்மா! இதுக்கா மூக்கால அழுதேன்!"

"என் படத்தைத் திறங்க."

குருவுக்கும் வலக்கண்ணில் புரை.

'பூங்கோதை' என்ற கோப்பைத் திறந்தார். பெரிய மீசைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்திரி இடக்கண்ணுக்கு மேலே.

"இது நீங்க இல்லையே."

"மீசையை வச்சுக் கண்டுபிடிச்சீங்களா?"

சிங்காரவேலருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேர் கொடுத்த வரிசையிலதானே படம் எடுத்தாங்க?"

"எனக்குப் பின்னால நின்ன இவர் கால் கடுக்குதுன்னார். முன்னால விட்டேன்."

"இன்னும் எத்தனை பேர் அப்படி விட்டாங்க?"

"எனக்கு முன்னால நின்ன முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது."

சிங்காரவேலர் திரையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். படங்கள் நூற்றெண்பத்தாறு. பெயர்கள் நூற்றெண்பத்தாறு. ஒன்றும் குறையவில்லை.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

கூடத்தில் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலை ஒட்டி மீசைக்காரர், காலை நீவிக்கொண்டிருந்தார். சிங்காரவேலர் அவர் எதிரே சம்மணமிட்டு அமர்ந்தார்.

"ஐயா, உங்க பேரு?"

"காலையிலேயே சொன்னேனே. உங்க நோட்டுல இருக்குமே?"

"இருக்குங்க. நீங்க சொல்லுங்க."