மீதிப் பத்து விநாடி

பரஞ்சோதி இருபத்தெட்டு ஆண்டுகள் கடற்படையில் இருந்தவர். கடைசி மூன்று ஆண்டும், தானே குறிபார்த்துச் சுடும் பீரங்கிகளைக் கண்காணிக்கும் அறையில் வேலை. ஓய்வு பெற்றதும் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். குரு அங்கயற்கண்ணி அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

வந்த நாளிலிருந்து ஒரே கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவார், கிழிப்பார்.

ஒரு காலை, பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே அம்மை கேட்டார்.

"யாருக்கு எழுதறீங்க?"

"மரியபுஷ்பம்னு ஒரு அம்மாவுக்கு, தாயே. அவங்க வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போன படகை, எதிரிப் படகுன்னு சுட்டுட்டோம். சுடறதுக்கு முன்னாடி அவர் துடுப்புல சட்டையைக் கட்டி ஆட்டினாராம். தப்பிச்ச மகன் சொல்லியிருக்கான். நீங்க அதைப் பார்த்தீங்களான்னு கேக்கறாங்க."

"என்ன எழுதியிருக்கீங்க?"

பரஞ்சோதி படித்தார். "அது எதிரிப் படகுதான் என்று கணினி தொண்ணூற்றாறு சதவீதம் உறுதியாகச் சொன்னது. விசாரணையில் யார்மீதும் தவறில்லை என்று முடிவானது."

"அந்த அம்மா கணினியையா கேட்டாங்க?"

பரஞ்சோதி தாளை மடித்தார்.

"அங்க உங்க வேலை என்ன?"

"கணினி சொல்றது சரிதானான்னு பார்த்து, சுடறதுக்குச் சம்மதம் குடுக்கணும். இன்னொரு பொத்தானை அழுத்தினா படகோட படம் வரும்."

"அழுத்தினீங்களா?"

"அது மூணு வருஷமா தப்பே பண்ணலை, தாயே. யாராவது படத்தைத் திறந்தா, சினிமா பாக்க வந்திருக்கான்னு கிண்டல் பண்ணுவோம். சீக்கிரம் சம்மதம் குடுக்கறவர் போட்டோவை மாசாமாசம் சுவத்துல மாட்டுவாங்க. ஏழு மாசம் என் போட்டோதான்."

ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவந்த விஷயம். இப்போது சொல்லி முடிப்பதற்குள் காதுமடல் சுட்டது.

"முடிவெடுக்க எவ்வளவு நேரம் குடுப்பாங்க?"

"பன்னிரண்டு விநாடி."

"நீங்க எவ்வளவு எடுத்துக்கிட்டீங்க?"

"ரெண்டு."

அம்மையின் கத்தி நின்றது.

"மீதிப் பத்து விநாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

விசாரணையில் நாற்பது கேள்விகள் கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்கவில்லை.

"டீ ஆறிடுமேன்னு எடுத்துக் குடிச்சேன்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த டீயில் சர்க்கரை அதிகம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைபட்டதுகூட அவருக்கு நினைவுக்கு வந்தது.

அம்மை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் மடியிலிருந்த தாளை எடுத்து, எழுதாத பக்கத்தைத் திருப்பிப் பேனாவோடு முன்னால் வைத்தார்.

"இதை எழுதுங்க."

"வெட்கமா இருக்கு, தாயே."

"அதையும் எழுதுங்க."