தூங்குகிறவர்களையும் கேட்ட குளம்

மலையடிவாரத்தில் ஒரு குளம் இருந்தது. அதன் மேல் எப்போதும் ஒரு மயக்கம் படர்ந்திருக்கும். குளிர்காலத்தில் பனிமூட்டம், கோடையில் கானல். அதனாலோ என்னவோ, அதன் கரையில் எல்லாரும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள்.

காட்டுக்கு ராஜா சிங்கம். ராஜா போட்ட சட்டம் ராஜாவின் ஆட்கள் செய்யும் வேலைகளுக்கு மட்டும்தான். சின்னக் குளத்தைக் கவனிக்க ராஜாவுக்கு எங்கே நேரம்? அதனால் குளத்து விலங்குகள் தங்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் வைத்திருந்தன. குளத்தில் எதையாவது மாற்ற நினைப்பவர் முதலில் கரைப்பாறையில் ஏறி அதைச் சொல்ல வேண்டும். அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று குளத்தை நம்பி வாழும் எல்லாரையும் கேட்க வேண்டும். வேறு வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மண்ணைத் தொடலாம். அந்தச் சட்டம் ஒன்றும் செய்யாதே என்று சொல்லவில்லை. பார்த்துச் செய் என்றுதான் சொன்னது. அதுவே சிலருக்குக் கசந்தது.

ஒரு கோடையில் காட்டுப்பன்றி பாறையில் ஏறியது. குளத்துச் சேற்றில் புரண்டுவிட்டு நேரே வந்திருந்தது. முதுகிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. தெற்குக் கரையை உடைக்கப் போவதாக அது அறிவித்தது. மழை பெய்தால் தண்ணீர் குளத்தில் தங்காமல் கீழ்ப்பள்ளத்துக்குப் போய்விடும், அங்கே கோரைக்கிழங்கு கொழுத்து விளையும் என்றது.

எல்லாரையும் கேட்டுவரும் பொறுப்பு நாரையுடையது. நாரை நிதானமாகக் கால் எடுத்து வைத்துக் கரையைச் சுற்றி வந்தது. பள்ளத்தில் புல் முளைக்கும் என்று முயல்களுக்குச் சந்தோஷம். மான்களுக்கும் சந்தோஷம். தண்ணீர் வடிந்தால் மீன்கள் சுலபமாகக் கிடைக்கும் என்று நாரைக்கும் உள்ளூர ஒரு ஆசை. அதை மட்டும் அது வெளியே சொல்லவில்லை. எல்லாருக்கும் சம்மதம் என்று அறிவித்துவிட்டு இறக்கையைக் கோத ஆரம்பித்தது.

"தவளையக்காவைக் கேக்கலையே," என்றது கானாங்கோழி. தவளைக்கு நாணல் புதரில் பக்கத்து வீட்டுக்காரி அது.

தவளை அங்கே இல்லை. கோடை வந்தால் தவளையும் அதன் கூட்டமும் சேற்றுக்கடியில் புதைந்து உறங்கிவிடும். முதல் மழையில்தான் கண் திறக்கும். பன்றிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கோடையாகப் பார்த்துப் பாறையில் ஏறியது. காரியக்காரப் பன்றி!

"கூட்டம்னா வந்து பேசணும். தூங்குறவங்களுக்காக நான் காத்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்றது பன்றி.

"வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடி உள்ளே யாராவது தூங்குறாங்களான்னு பாக்க மாட்டீங்களா, அண்ணே?" என்று கேட்டது கானாங்கோழி.

அப்போதும் பன்றி அசையவில்லை. கானாங்கோழிக்கு அழுகை வந்துவிட்டது. கரை உடைந்தால் தவளை கண் விழிக்கும்போது முட்டையிடத் தண்ணீர் இருக்காது. அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கரையில் ஒரு தவளைக் குரலும் கேட்காது.

கோடையில் அந்தக் குளத்தில் ஒரு விசேஷம் உண்டு. உறங்குகிறவர்களின் கனவுகள் சேற்று வெடிப்புகள் வழியாக மெல்லக் கசிந்து மேலே வரும். மதிய வேளைகளில் கானாங்கோழி அங்கே காதை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். கரையை உடைப்பதற்கு முன் ஒரே ஒரு தரம் கேட்டுப் பார்க்கும்படி அது பன்றியைக் கெஞ்சியது. சனியன் விட்டால் போதும் என்று பன்றியும் முணுமுணுத்துக்கொண்டே வெடிப்பில் காதை வைத்தது.

முதலில் மழைச் சத்தம் கேட்டது. வெளியே வெயில் கொளுத்த, மண்ணுக்கடியில் மழை பெய்துகொண்டிருந்தது. தண்ணீர் கரை வரை ஏறியது. அல்லி இலைகளுக்கு நடுவே தவளைக் குஞ்சுகள் வாலை ஆட்டி நீந்தின. அவற்றுக்கு அவசரமே இல்லை. மெல்லக் கால்கள் முளைத்தன, மெல்ல வால்கள் மறைந்தன. பன்றிக்கும் கண் சொருகியது. கனவில் மழை ஓய்ந்தது, வெயில் வந்தது, குளம் சுருங்கிச் சேறானது. அப்போது தவளை தூக்கத்திலேயே பேசியது.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கடி. பன்றியண்ணன் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. பாவம், வெயில்ல அதுங்க தோலெல்லாம் பொரிஞ்சு கிடக்கு. அவங்களுக்கும் இடம் வேணுமில்ல?"

பன்றி சட்டென்று தலையைத் தூக்கியது. அதன் முதுகில் காலையில் பூசிய குளத்துச் சேறு காய்ந்துகொண்டிருந்தது. குளம் இல்லையென்றால் சேறு ஏது? சேறு இல்லையென்றால் அடுத்த கோடையில் குட்டிகளை எங்கே கூட்டிப் போவது? கிழங்கு நினைப்பில் பன்றிக்கு இதுவரை இது தோன்றவே இல்லை. தான் கேட்காமல் விட்ட தவளை, தூக்கத்தில் கூடத் தன் பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருக்கிறது. பன்றிக்கு வெட்கமாக இருந்தது.

"மழை வரட்டும். அக்கா எழுந்திருக்கட்டும். கேட்டுட்டுத்தான் செய்யறேன்," என்றது. நாரைக்கும் தலை நிமிரவில்லை.

முதல் மழையில் சேறு இளகியது. தவளை கண்ணைச் சிமிட்டிக்கொண்டு மேலே வந்தது. நாரை இந்த முறை ஒழுங்காகக் கேட்டது. தவளை வடக்குப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னது.

"கரையை உடைக்காதீங்க. குளம் நிறைஞ்சு வழியுற தண்ணி வடக்கு வாய்க்கால்ல சும்மாதானே ஓடிப் போகுது? அந்த வாய்க்காலைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிடுங்க, அண்ணே."

பன்றி மூக்கால் மண்ணைக் கிளறி வாய்க்காலைத் திருப்பியது. அந்த வருஷம் கிழங்கு அது நினைத்த அளவு கொழுக்கவில்லை. ஆனாலும் வயிறு நிறைந்தது. கோடை வந்ததும் பன்றி குட்டிகளோடு சேற்றுக்கு வந்தது. படுப்பதற்கு முன் வெடிப்பின் பக்கம் குனிந்து, "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, அக்கா?" என்று மெதுவாகக் கேட்டது.

பலர் வாழும் இடத்தில் கை வைக்கும் முன், வந்து பேச முடிந்தவர்களை மட்டுமல்ல, வர முடியாதவர்களையும் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.