வெங்காயத் தோலில் ஒரு வாசல்

சிறுமலை அடிவாரத்துக் குடிலில் தவமணியம்மாள் குருவாக இருந்தார். அவருக்கு வயது முப்பத்தொன்பது. அவருடைய சீடர் சவுந்திரராசுவுக்கு அறுபத்து நான்கு. வயதைப் பார்த்துத்தான் குருவைத் தேட வேண்டும் என்றால் பாதிப் பேருக்குக் குருவே கிடைக்கமாட்டார். சவுந்திரராசு அவரை 'அம்மா' என்பார். அவர் இவரை 'ஐயா' என்பார்.

அந்தக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. தனிமை விரதம் எடுப்பவர் அறைக்குள் போனதும், குரு தன் கையாலேயே செம்மண் குழைத்துக் கதவு இடுக்குகளைப் பூசிவிடுவார். சோறு கொடுக்க ஒரு சாண் அகலத்தில் ஓட்டை இருக்கும். நாற்பத்தெட்டாம் நாள் மண்ணை உடைப்பார்கள்.

சவுந்திரராசு நாற்பத்தெட்டு நாள் கேட்கவில்லை. சாகும் வரைக்கும் கேட்டார்.

ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடம் முன்பு அவர் மனைவி நாகரத்தினம் ஆபரேஷன் முடிந்த மறுநாள் இறந்துபோனாள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவள் மகள் கோகிலவாணி. பிணத்தைக் கிடத்தியிருந்த வீட்டில், அத்தனை பேர் நடுவில், சவுந்திரராசு அவளைப் பார்த்து "கையெழுத்துப் போட்டு உங்கம்மாவைக் கொன்னுட்டியேடி" என்று சொல்லிவிட்டார். அதுதான் அவர் மகளிடம் கடைசியாகப் பேசியது.

கோகிலவாணி செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவாள். வெளி வாசலில் நின்று "அப்பா" என்று ஒரே ஒரு முறை கூப்பிடுவாள். பதில் வராது. பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். அந்த ஒரு குரலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அன்றும் செவ்வாய்க்கிழமை. மகள் வந்து கூப்பிட்டாயிற்று. இங்கே செம்மண் குழைத்துத் தயாராக இருந்தது.

சவுந்திரராசு திண்டுக்கல்லில் முப்பது வருடம் பூட்டு செய்தவர். சோற்று ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். திருப்தி வரவில்லை.

"அம்மா, இது நேரா இருக்கு. சத்தம் உள்ள வரும். கொஞ்சம் வளைச்சு வச்சா சோறு மட்டும் சறுக்கி வந்துரும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் உள்ள வராது. உள்ள இருக்கிறதும் வெளிய போகாது. அப்படி இருந்தாத்தானே மனசு அடங்கும்?"

தவமணியம்மாள் கையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவினார். அடுக்களைக்குப் போய் ஒரு சின்ன வெங்காயத்தோடு திரும்பி வந்தார். மடங்களில் வெங்காயம் ஆகாது என்பார்கள். இந்த மடத்தில் எல்லாம் ஆகும்.

துறவுக்கு வரும் முன் அவர் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாலும் ஒரு பழைய மைக்ராஸ்கோப்பை மட்டும் விட மனசு வராமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். வெங்காயத்தின் ஊதாத் தோலில் நகக்கண் அளவுக்கு உரித்தார். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தோலைப் படியவைத்து, மேலே மெல்லிய கண்ணாடியால் மூடினார்.

"பாருங்க ஐயா."

சவுந்திரராசு ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

செங்கல் அடுக்கியது போல வரிசை வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ததும்பத் ததும்ப ஊதா நிறம்.

"இது என்னம்மா?"

"செல்லு."

"யாரு கட்டினது?"

"அதுவே கட்டிக்கிட்டது. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும்."

தவமணியம்மாள் லென்ஸை மாற்றினார். இப்போது ஒரே ஓர் அறைதான் பெரிதாகத் தெரிந்தது. ஓரத்தில் மங்கலாக ஒரு வட்டம்.

"அதான் உட்கரு. அந்தச் செல்லு எப்படி இருக்கணும், என்ன செய்யணும்னு அதுக்குள்ளதான் எழுதியிருக்கு. சுவரோரமாப் பாருங்க."

சுவரோரமாக, பொடியிலும் பொடியாக, என்னவோ ஊர்ந்துகொண்டிருந்தது. சவுந்திரராசு சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"அம்மா, ஓடுது!"

"ஆமா."

"மூணு நாளா கூடையில கிடந்த வெங்காயம். உரிச்சு வேற போட்டுட்டோம். இன்னுமா உயிரு இருக்கு?"

"உங்களுக்கு இருக்கிற அதே உயிருதான். உங்க உடம்புலயும் செல்லுதான். முப்பது லட்சம் கோடி இருக்கும்."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அறுபத்து நான்கு வருடமாகக் கூடவே இருந்த கையை இப்போதுதான் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு, தொழில் புத்தி போகுமா, கேட்டார்:

"கதவு எங்க இருக்கு?"

"சுவருக்கு உள்பக்கம் ஒரு சவ்வு இருக்கு. இந்த மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது, அவ்வளவு மெலிசு. அது பூரா வாசல்தான். தண்ணிக்கு ஒண்ணு, சர்க்கரைக்கு ஒண்ணு. சாவி பொருந்தினாத்தான் திறக்கும்."

"யாரு திறந்து விடுறது?"

"ஆளே கிடையாது. வாசலுக்கே தெரியும்."

சவுந்திரராசு வாயைப் பிளந்தார். பதினாறு லீவர் பூட்டு செய்து ஊரெல்லாம் பேர் வாங்கியவர் அவர்.

தவமணியம்மாள் இரண்டு கிண்ணங்களை நகர்த்தி வைத்தார். ஒன்றில் நல்ல தண்ணீர். ஒன்றில் கெட்டியான உப்புத் தண்ணீர். இங்க் ஃபில்லர் ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"உங்க கை நடுங்காத கை. உப்புத் தண்ணியில ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடி ஓரமா விடுங்க."

விட்டார். குனிந்து பார்த்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓர் அறையின் மூலையில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகியது. அடுத்த அறையிலும் விலகியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு அறையிலும் அந்த நிறம் சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஓர் உருண்டையாக ஒடுங்கிப்போனது. சுவர்கள் அப்படியே நின்றன. உள்ளே வெறிச்சென்று இருந்தது.

"அம்மா! சுருங்குது!"

"ம்."

"செத்துருச்சா?"

"இன்னும் இல்ல."

"சுவரு நல்லாத்தானே இருக்கு? எதுவும் உடையலையே?"

"சுவரு எப்பவும் நல்லாத்தான் இருக்கும்."

"இப்படியே விட்டா?"

"கொஞ்ச நேரம் தாங்கும். அதுக்கப்புறம் குடம் குடமா ஊத்தினாலும் நிமிராது."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு?"

"வெளியில இருந்து பார்த்துச் சொல்ல முடியாதுங்க ஐயா."

சவுந்திரராசு ஃபில்லரைப் பாய்ந்து எடுத்தார். நல்ல தண்ணீரை உறிஞ்சினார். அவசரத்தில் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அடுத்த சொட்டைக் கண்ணாடியின் ஓரத்தில் விட்டார். தவமணியம்மாள் எதிர் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து உப்புத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். இன்னொரு சொட்டு. இன்னொன்று.

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தார். ஒடுங்கிக் கிடந்த உருண்டை மெல்ல உப்பியது. ஒரு பக்கம் சுவரைத் தொட்டது. மறுபக்கமும் தொட்டது. வரிசை வரிசையாக அத்தனை அறையும் திரும்ப ஊதாவாக நிறைந்தது. வரிசையின் கடைசியில் இரண்டு மூன்று மட்டும் சுருங்கியபடியே கிடந்தன.

சவுந்திரராசு நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"புரிஞ்சுதும்மா. ரெண்டு வருஷமா நானும் இப்படித்தான் உப்புல கிடக்கேன். எனக்குத் தண்ணி ஊத்த யாராவது வரமாட்டாங்களா?"

தவமணியம்மாள் அவர் கையில் இருந்த ஃபில்லரைப் பார்த்தார்.

"நீங்க சொட்டு விட்டவருங்க ஐயா. உப்புல கிடக்குறவ வாசல்ல உட்கார்ந்திருக்கா."