இரண்டு இலைப் பொட்டலங்கள்

கொள்ளிடக் கரையில் ஒரு சின்ன மடம். அதன் தலைவர் தயாபர அடிகளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் குஞ்சிதபாதமோ பேரன் பேத்தி எடுத்தவர். தன் மகனைவிடச் சின்னவரைப் போய்ச் சாமி என்று கும்பிடுகிறாரே என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அன்று காலை பூசை முடியும்வரை காத்திருந்து, ஒரு தட்டோடு அடிகள் முன்னால் போய் நின்றார். தட்டில் வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள் இருந்தன.

"பூக்கட்டிப் பார்க்கணும் சாமி. நீங்கதான் எடுத்துத் தரணும்."

"என்ன விஷயமா?"

"ஸ்கேன் விஷயமா."

குஞ்சிதபாதத்துக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். மடத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊசி போட்டுக்கொண்டு வருகிறார். நோயும் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"ரத்தப் பரிசோதனை நல்லா இருக்குன்னார். இப்ப ஸ்கேன் கட்டாயமில்ல, எடுத்தாலும் சரி, கொஞ்ச நாள் பொறுத்தாலும் சரி, யோசிச்சுச் சொல்லுங்கன்னுட்டார்."

அந்த 'யோசிச்சுச் சொல்லுங்க'தான் மனிதரைப் பாடாய்ப் படுத்தியது. கட்டாயம் எடு என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போய்ப் படுத்திருப்பார். வேண்டவே வேண்டாம் என்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இரண்டும் இல்லாமல் முடிவை அவர் தலையில் கட்டிவிட்டார் டாக்டர். எடுத்தால் என்ன தெரியுமோ என்று பயம். எடுக்காவிட்டால் தெரியாமல் என்ன நடக்குமோ என்று பயம். வழியில் யாராவது 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால்கூட, இவர் முகத்தில் எதையோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்களோ என்று பயம்.

"சிவப்பு வந்தா எடுத்துடறேன் சாமி. வெள்ளை வந்தா விட்டுடறேன்."

அடிகள் தட்டைச் சிவலிங்கத்தின் முன்னால் வைத்தார். கண்ணை மூடினார். ஒரு பொட்டலத்தை எடுத்து நாரை அவிழ்த்தார்.

உள்ளே நந்தியாவட்டை.

"வெள்ளை வந்திருக்கு. ஸ்கேன் வேண்டாம். சந்தோஷமா போய்ட்டு வாங்க."

குஞ்சிதபாதம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை. அடிகள் தட்டை எடுத்தார், அதில் கிடந்த இன்னொரு பொட்டலத்தைக் கையில் எடுத்தார்.

"அதைப் பிரிக்காதீங்க சாமி!"

மண்டபத்தில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டார்.

"நான் பிரிக்கலையே. பழைய பூக் கூடையிலதானே போடப் போனேன்."

குஞ்சிதபாதம் தலை குனிந்துகொண்டார்.

"அதுலயும் நந்தியாவட்டைதான் சாமி. செவ்வரளி பறிக்கத்தான் போனேன். கை போகலை."

அடிகள் பொட்டலத்தைப் பிரிக்காமலே கூடையில் போட்டார்.

"சாமி குத்தம் ஆயிடுமா?"

"அவருக்கென்ன, எந்தப் பூ கொடுத்தாலும் வாங்கிப்பார். நீங்க கேட்ட வெள்ளை வந்துடுச்சு. அப்புறமும் ஏன் கிளம்பாம நிக்கிறீங்க?"

குஞ்சிதபாதம் கையை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார். கிழட்டு வயதில் இப்படிக் களவும் கையுமாக மாட்டிக்கொண்டதில் வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"கட்டாயமில்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி, டாக்டர் உங்களை ஒண்ணுமே கேட்கலையா?"

"கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"எங்கயாவது வலி இருக்கான்னு கேட்டார். இல்லைன்னுட்டேன்."

"இருக்கா?"

அடிகள் அவரை உட்காரவைத்து, எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இடுப்பெலும்புல லேசா ஒரு வலி. புரண்டு படுக்கும்போது மட்டும்தான். பெரிசா ஒண்ணுமில்ல சாமி, வாய்வு. வெறும் வாய்வுதான்."

"வீட்டம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"பூண்டு ரசம் வைக்கச் சொல்லி ஏதாவது?"

"இல்ல."

"மகன்கிட்ட?"

குஞ்சிதபாதம் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். கண் கலங்கிவிட்டது.

அடிகள் அவருடைய கையை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"வெறும் வாய்வா இருந்தா, இந்நேரம் ஊருக்கே சொல்லியிருப்பீங்களே ஐயா."