அசையாத தலைத்தோல்

"இந்த முகம் வேண்டாம்மா. இளசா ஒண்ணு வேணும்."

மலையடிவாரத்தில் முகப் பயிற்சி சொல்லித்தரும் நாச்சியம்மை நிமிர்ந்து பார்த்தார். எழுபது வயது. நெற்றியில் ஒரு கோடு இல்லை.

"யாருக்குக் காட்டணும்?"

"மில் வாசலுக்கு. வெள்ளிக்கிழமை கூட்டம். சங்கத்துச் சிறுசுங்க 'ஓய்வெடுங்க தோழர்'னு சொல்லிட்டாங்க. முகம் தொங்கிப்போச்சாம். மேடை இல்லேன்னா நான் செத்த மாதிரிதான்."

ஆயுள் முழுக்கத் தொழிற்சங்க மேடைகளில் முழங்கியதற்குத் தணிகாசலத்துக்குக் கிடைத்தது சிறைவாசமும், நூல் பிரிந்த ஒரு சால்வையும்தான்.

"என் தலையில கைய வைங்க" என்றார் நாச்சியம்மை.

வைத்தார்.

புருவம் அசையவில்லை. உதடு அசையவில்லை. உள்ளங்கைக்கு அடியில் தோல் மட்டும் முன்னே வந்தது, பின்னே போனது. ஈ உட்கார்ந்த இடத்தை மட்டும் மாடு சிலிர்த்துக்கொள்ளுமே, அப்படி. காதுகள் இரண்டும் கூடவே ஏறி இறங்கின.

தணிகாசலம் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"இது அசைஞ்சா முகம் தன்னால மேல ஏறும். நீங்க செய்ங்க."

பல்லைக் கடித்தார். மறுகை முஷ்டி தானாக உயர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

தலைத்தோல் பாறையாகக் கிடந்தது.

"யாரை அடிக்கப் போறீங்க?"

"வேற எப்படிம்மா ஒண்ணை அசைக்கிறது?"

நாச்சியம்மை சிரித்தார். "கைய எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கூழ் காய்ச்சப் போய்விட்டார்.

தலையில் கையோடு உட்கார்ந்திருந்தவரைத் தேடிக்கொண்டு இளவேனில் வந்தாள். சங்கத்தின் புதிய செயலாளர். ஓய்வெடுக்கச் சொன்னவளே அவள்தான். மில் வாசலில் கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. காற்றுதான் வந்தது.

"வெள்ளிக்கிழமை நீங்கதான் பேசணும், தோழர்."

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "என்ன பேசணும்னு எனக்குத் தெரியும்."

"ராத்திரி ஷிப்ட் பொண்ணுங்க ஒண்ணு சொன்னாங்க..."

"தெரியும்மா. அடக்குமுறை. நான் பார்க்காததா?"

"இல்ல தோழர். வெளிக் கதவைப் பூட்டிட்டு..."

மிச்சம் கேட்கவில்லை.

"என்னது?"

அவள் மறுபடி சொன்னாள். உதடுதான் தெரிந்தது. அவர் குனிந்தார். மூச்சை நிறுத்தினார்.

உள்ளங்கைக்கு அடியில் ஏதோ நகர்ந்தது.

காதுக்குப் பின்னால் தோல் மெல்ல இழுபட்டு மேலேறியது. தன் தலைதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. கையை எடுக்கப் பயந்தார்.

"முடியலன்னா விடுங்க, தோழர். எழுதிக் குடுத்துடறேன்."

"வேண்டாம். சொல்லு" என்றார் தணிகாசலம். "மெதுவாவே சொல்லு."