பதில் சொல்லாத சர்வர்

குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்துமூன்று வயது. பெயர் பவளக்கொடி. சிஷ்யர் ஞானசிகாமணிக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நூற்பாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஆலையை இழுத்து மூடியதும் அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். அவள் அவரை 'சார்' என்பாள். அவர் அவளை 'மேடம்' என்பார். ஆசிரமம் என்று சொல்வதானால் அது கோயம்புத்தூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடி அறை.

அங்கிருந்து அவர்கள் பார்த்துக்கொண்டது ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியை. ரத்தத்தை அல்ல, அதைப் பற்றிய பதிவுகளை. எந்தப் பையில் எந்த குரூப், எந்தப் பை யாருக்கு என்பதெல்லாம் ஒரே ஒரு டிஸ்க்கில் இருந்தது. அந்த டிஸ்க்குக்கு இரண்டு சர்வர்கள். எல்லாமே கிளவுடில் வாடகைக்கு எடுத்தவை. எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் அவை நிற்கின்றன என்று குருவுக்கும் தெரியாது, சிஷ்யருக்கும் தெரியாது.

முதல் சர்வர் எழுதும். இரண்டாவது காத்திருக்கும். காத்திருப்பது என்றால் தூங்குவதல்ல. நொடிக்கொரு தரம் அது முதலாவதைப் பார்த்து 'இருக்கியா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். 'இருக்கேன்' என்று பதில் வரும். பதில் வராத அன்றைக்கு இரண்டாவது டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு எழுத ஆரம்பிக்கும். ஆனால் எடுப்பதற்கு முன்னால் முதலாவதன் கரண்ட்டைப் பிடுங்கிவிட வேண்டும். அது கட்டாயம்.

சேர்ந்த புதிதில் ஞானசிகாமணிக்கு இது ஒன்றுதான் புரியவில்லை.

"செத்துப்போனதை எதுக்குங்க மேடம் மறுபடியும் கொல்லணும்?"

"செத்துப்போச்சுன்னு யாருங் சார் சொன்னா?"

"பதில் வரலீங்களே."

பவளக்கொடி காபியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தக் காலத்துக் குருமார்களும் சில விஷயங்களில் பழையபடியேதான் இருக்கிறார்கள். ஞானசிகாமணி மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

அவர் இயல்பிலேயே பயந்தவர். ஊருக்குக் கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டு, கேஸ் மூடினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது திரை சிவந்தது.

முதல் சர்வரிடமிருந்து பதில் இல்லை. இரண்டாவது, விதிப்படி, கரண்ட்டைப் பிடுங்கச் சொல்லி கிளவுட்காரர்களுக்குக் கட்டளை அனுப்பியிருந்தது. அதற்கும் பதில் இல்லை. பிடுங்கினார்களா இல்லையா என்று தெரியாமல் அது அப்படியே நின்றுவிட்டது. திரையில் ஒரே ஒரு கேள்வி.

'முதல் சர்வர் முற்றிலும் நின்றுவிட்டதை நீங்கள் உறுதி செய்துவிட்டீர்களா? ஆம் / இல்லை.'

அதைப் படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து ரெஜினா. என்றைக்கும் நிதானமாகப் பேசுகிற பெண். அன்றைக்குக் குரல் உடைந்திருந்தது.

"சார், ஸ்கிரீன் அப்படியே நிக்குது சார். தியேட்டர்ல பிரசவமான பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. அவளுக்குன்னு காலைலயே மேட்ச் பண்ணி வெச்ச பை உள்ளதான் இருக்கு. எதுன்னு ஸ்கிரீன்ல பார்த்தாத்தான் தெரியும்."

"யாருக்கும் ஏத்தற ஓ நெகட்டிவ் இல்லீங்களா?"

"இருந்த ரெண்டையும் ஏத்தியாச்சு. மறுபடி கையால மேட்ச் பண்ணணும்னா முக்கால் மணி நேரம் ஆகும். டாக்டர் அவ்வளவு நேரம் தாங்காதுங்கறார். சீக்கிரம் சார்!"

'ஆம்' என்று தட்டினால் போதும். இரண்டாவது சர்வர் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும், ரெஜினாவின் திரை உயிர்பெறும், அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள். இரண்டே எழுத்து. அவர் கை தானாகவே விசைப்பலகைக்குப் போனது.

"மேடம், ஆம் போட்டுடறேன்."

"செத்துருச்சுங்களா?"

"பதில் இல்லீங்க மேடம்!"

"நான் அதைக் கேக்கலீங் சார்."

"அங்க ஒரு உசுரு போயிட்டிருக்குதுங்க!"

பவளக்கொடியின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. அவளுக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். அவள் ரெஜினா பேசிய போனை வாங்கி, "கையால மேட்ச் பண்றதை இப்பவே ஆரம்பிச்சுருங்க, போனை வெச்சிராதீங்க," என்று மட்டும் சொன்னாள். பிறகு தன் போனை எடுத்து வேறொரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்த நேரத்தில் யாருக்குப் போன் என்று ஞானசிகாமணிக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏனுங்க, யாருங்க?" என்றது ஒரு குரல். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசிய குரல்.

மயில்சாமி. அதே மருத்துவமனையின் பொள்ளாச்சிக் கிளையில் ரத்த வங்கியைப் பார்த்துக்கொள்பவர். அந்தக் கிளையின் பதிவுகளும் இதே டிஸ்க்குக்குத்தான் வரும்.

"மயில்சாமியண்ணா, பவளக்கொடி பேசறனுங்க. என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"என்னத்தைப் பண்றதுங்க. காலேஜ்ல கேம்ப் போட்டாங்கல்ல, அந்தப் பையெல்லாம் ஏத்திட்டிருக்கறனுங்."

"எதுல ஏத்தறீங்க?"

"இதென்னம்மணி கேள்வி. கம்ப்யூட்டர்லதானுங்."

"ஸ்கிரீன் எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதுங்களே. இந்தா, இப்பத்தான் ஒரு ஏ பாசிட்டிவ் ஏத்துனனுங். அடுத்தது ஏத்தப் போறன்."

ஞானசிகாமணியின் விரல் 'ஆம்' என்ற கட்டத்தின் மேலேயே இருந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. செத்துப்போனதாக அவர் நினைத்த சர்வர் பொள்ளாச்சியில் ஒரு மனிதரிடம் வேலை வாங்கிக்கொண்டிருந்தது. அறுந்தது நடுவில் ஏதோ ஒரு பாதை. இந்தப் பக்கத்துக்குத்தான் அதன் குரல் கேட்கவில்லை. அது உயிரோடு இருந்தது, எழுதிக்கொண்டும் இருந்தது.

டிஸ்க்கில் அடுத்த காலி வரி ஒன்றுதான். மயில்சாமியின் சர்வருக்கும் அதுதான் அடுத்த வரி. 'ஆம்' போட்டிருந்தால், ரெஜினாவுக்கு எழுதும் இரண்டாவது சர்வருக்கும் அதுதான் அடுத்த வரியாக இருந்திருக்கும். ஒன்று எழுதியது மற்றதற்குத் தெரியாது. பொள்ளாச்சிப் பையின் குரூப் கோயம்புத்தூர்ப் பையின் பெயரில் போய் உட்கார்ந்திருக்கும். இதை யோசித்ததும் விரலை வெடுக்கென்று எடுத்தார்.

மற்ற போனில் ரெஜினா, "சார், இருக்கீங்களா? சார்!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னங்க மேடம் பண்றது?" அவர் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"கரண்ட்டைப் பிடுங்க முடியல. டிஸ்க்குல இருந்து அதோட கையை எடுத்துருங்க. முதல் சர்வர் இனி எழுதக் கூடாதுன்னு டிஸ்க்குக்கே சொல்லுங்க."

"உசுரோட இருக்கறதையுங்களா? மயில்சாமி எழுதிட்டிருக்காருங்க!"

பவளக்கொடி ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

"அண்ணா, கையில இருக்கற பையை ஏத்தி முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சனுங்."

"இனி புதுசா எதையும் ஏத்தாதீங்க. சும்மா அந்த ஸ்கிரீனையே பார்த்துட்டிருங்க. ஏதாவது ஆச்சுன்னா உடனே சத்தம் போடுங்க."

"என்னம்மணி, பயமுறுத்தறீங்க?"

அவள் சிஷ்யரைப் பார்த்துத் தலையசைத்தாள். ஞானசிகாமணி கட்டளையைத் தட்டினார். தட்டும்போது இரண்டு தடவை தப்பு வந்தது, அழித்து அழித்துத் தட்டினார். அனுப்பினார். உடனே பதில் வந்தது: 'கட்டளை ஏற்கப்பட்டது.'

அப்பாடா என்று மூச்சு விட்டு, மறுபடியும் 'ஆம்' பக்கம் போனார்.

பவளக்கொடி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அதுவரை அவள் அவரைத் தொட்டதே இல்லை. அவள் கை சில்லென்று இருந்தது.

"ஏத்துக்கிச்சுன்னுதானுங் சார் சொல்லுது. செஞ்சுட்டேன்னு சொல்லுச்சா?"

அவர் திரையை மறுபடி படித்தார். சொல்லவில்லை.

ஒரு போனில் ரெஜினாவின் பின்னாலிருந்து யாரோ ஓடுகிற சத்தம், ஒரு ஆண் குரல் "எங்கம்மா ரத்தம்?" என்று கத்தியது. இன்னொரு போனில் மயில்சாமி மூச்சு விடுவது கேட்டது. ஞானசிகாமணிக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. ஒரு மூலையில் அவர் மனசு சொன்னது: போட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள், விதிப்படிதான் செய்தோம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண் செத்தால் உன் பெயர் அடிபடும். பதிவு கெட்டால் சர்வர் பெயர் அடிபடும். இப்படியெல்லாம் தனக்குத் தோன்றுகிறதே என்று அவருக்கே தன்மேல் பயம் வந்தது.

"சார்," என்றாள் ரெஜினா. இப்போது அவள் கத்தவில்லை, அழுதுகொண்டிருந்தாள். "பிரஷர் இறங்கிட்டே இருக்குங்கறாங்க சார்."

"மேடம்..."

"சித்த இருங்க."

"மேடம், எவ்வளவு நேரம்?"

அவள் கண் ஸ்பீக்கரிலேயே இருந்தது.

"ஐயோ!" என்றார் மயில்சாமி.

மேஜையே அதிர்ந்தது போல இருந்தது அந்தச் சத்தம்.

"அம்மணி! போச்சுங்க! எல்லாம் போச்சு! ஸ்கிரீன் செவந்துபோச்சு, எழுத முடியாதுன்னு வருதுங்க! நான் ஒண்ணுமே தொடலீங்க, சத்தியமா தொடலீங்க!"

பவளக்கொடி மணிக்கட்டை விட்டாள்.

"இப்பப் போடுங் சார், ஆம்."

அவர் போட்டார். இரண்டாவது சர்வர் டிஸ்க்கை எடுத்துக்கொண்டது. ரெஜினா, "வந்துருச்சு!" என்று கத்திவிட்டு, போனைக்கூட வைக்காமல் ஓடினாள். திறந்து கிடந்த போனில் குளிர்பெட்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் வெறும் இரைச்சல். பொள்ளாச்சிப் பக்கம் மயில்சாமி இன்னும் தான் தொடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைச் சமாதானப்படுத்தவே பவளக்கொடிக்கு வெகு நேரம் பிடித்தது.

சாயங்காலம் ரெஜினாவே கூப்பிட்டாள். பெண் கண் விழித்துவிட்டாளாம். குழந்தையைக் கேட்டாளாம். ஞானசிகாமணி "நல்லதுங்க, நல்லதுங்க," என்றார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மத்தியானச் சாப்பாடு டப்பாவில் அப்படியே இருந்தது. பவளக்கொடி கீழே போய் இரண்டு காபி வாங்கி வந்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா மேடம்?"

"கேளுங்க."

"முதல்லயே நான் ஆம் போட்டிருந்தா என்னங்க ஆயிருக்கும்? சர்வர் ரெண்டும் நின்னுபோயிருக்குமுங்களா? ஏதாவது எச்சரிக்கை வந்திருக்குமுங்களா?"

பவளக்கொடி ஒரு வாய் குடித்தாள்.

"ஒண்ணும் வந்திருக்காதுங் சார். கோயம்புத்தூர்லயும் நல்லா ஓடியிருக்கும். பொள்ளாச்சிலயும் நல்லா ஓடியிருக்கும்."